படையலில் வைத்த குவாட்டர்

என் கூடப் பிறந்த அண்ணாவுக்கு,

உங்கள் முதல் வருடப் படையலுக்கு வந்தவர்கள் ஐந்து பேர்: அண்ணி, உங்கள் மகள் தேவி, வெள்ளகோவில் சித்தப்பா, என் வீட்டுக்காரர், நான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இலையில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. கொழுப்போடு வறுத்த ஆட்டுக்கறி, முட்டை, பக்கத்தில் மூடி திறந்த குவாட்டர் பாட்டில். உங்கள் கணையத்தை அழுக வைத்ததையே உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டோம். அந்தக் கறியை வறுத்தது யார் தெரியுமா? நானேதான்.

உங்கள் நோய் இப்போது என் வீட்டுக்காரருக்கும் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் பங்கையும் சேர்த்துக் குடித்தார். வயிற்று வலி முதுகைத் துளைக்க, சுருண்டு கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் கணைய அழற்சி என்று எழுதிவிட்டு, "சோறு செரிக்கச் சுரக்கிற தண்ணி கணையத்தையே செரிச்சுட்டிருக்குதுங்கம்மா. இனி ஒரு சொட்டுகூட ஆகாது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நோட்டில் இதுதான் கணக்கு. எண்ணெய் எத்தனை டீஸ்பூன், முதல் கவளத்தோடு செரிமான மாத்திரை போட்டாரா, வாந்தி உண்டா. மலத்தைக்கூட எழுதுகிறேன். எண்ணெய் மினுங்க மிதக்கும். எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது. முருகனுக்குப் பூத் தொடுக்கிற இதே கையால்தான் கழுவுகிறேன். அண்ணியும் உங்களுக்கு இப்படித்தான் கழுவினார்களா? நான் ஒருநாளாவது கேட்டேனா?

படையல் முடிந்ததும் சித்தப்பா டம்ளரில் ஊற்றி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"படைச்சதை வேண்டாம்னு சொல்லக்கூடாதுங்க மாப்ள. ஒரே முடக்கு."

"டாக்டரு ஆகாதுன்னுட்டாருங்க மாமா."

"டாக்டருக்குப் படையலப் பத்தித் தெரியுமாக்கும்? உங்க மச்சான் ஆத்துமா காஞ்சு போயிருமுங்க."

தேவி தன் சின்னத் தாத்தாவை வெடுக்கென்று கேட்டாள்: "ஏனுங்க அப்பாரு, எங்கப்பா காஞ்சா செத்தாரு?"

அதற்குள் என் வீட்டுக்காரர் கை டம்ளரை வாங்கிவிட்டது. அவர் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். வாயில் வைப்பதற்குள் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன் அண்ணா, உங்களுக்குப் படைத்ததை. எத்தனை சோப்புப் போட்டும் அந்த வாடை விரலை விட்டுப் போகவில்லை.

சித்தப்பா கை நனைக்காமலே கிளம்பிவிட்டார். அண்ணி பாட்டிலில் மிச்சமிருந்ததையும் எடுத்துப்போய்க் கொட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "மச்சான் கோவிச்சுக்குவாரா புள்ள?"

நான் சொல்லி என்றைக்குக் கேட்டார்? உங்கள் பேச்சைத்தான் கேட்பார். முதல் டம்ளரை நீங்கள் சொல்லித்தானே வாங்கினார்?

அடுத்த வருடம் உங்கள் இலையில் இட்லியும், வேகவைத்த காயும், ஆடை எடுத்த மோரும்தான். முருகன் மேல் ஆணையாக, இந்தக் கையால் இனி அந்தக் கறியை வறுக்கமாட்டேன். பசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம்தான் அவர் மறுபடி பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை சம்பளம். கோபமில்லை, குடிக்காதே என்று கனவிலோ எப்படியோ அவரிடமே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் அண்ணா.

உங்கள் ஒரே தங்கை,
செல்வி
வீரபாண்டி