நடு ஓட்டை ஆறு மில்லிமீட்டர் பெரிது

ஆலங்குடி
மாசி 12

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ ஜெர்மனியில் சுகமாக இருப்பதை உன் அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். உன் அண்ணன் அருண்குமாரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தை பிறந்ததும் கோயம்புத்தூர் போனவள் இன்னும் வரவில்லை. என்னையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வது, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். காலையில் ஒரு தடவை உலை வைத்தால் ராத்திரிக்கும் அதே சோறுதான். முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. அதைச் சொல்லக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன், பார்ப்பதில்லை.

நீ வாங்கிய சிவப்பு வண்டியையும் அதற்கு வாங்கி வைத்திருக்கும் பழைய அலாய் சக்கரங்களையும் படம் எடுத்து உன் அண்ணனுக்கு அனுப்பினாய். எனக்கு அனுப்பவில்லை. அவன் அனுப்பித்தான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் சக்கரம் கழற்றி மாட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. நானாகப் போன் செய்து ஆரம்பித்தால், "அப்பா, இது முந்திரிக்கொட்டை ஏத்துற லாரி இல்லப்பா, எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன், ஆபீஸ் கூப்புடுது" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். போனைப் பாதியில் வைத்தால் என் பேச்சு போய்விடும். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். ஈஸ்டர் லீவில் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் நீளமாகப் போகப் போகிறாயாம். அதற்கு முன் இது வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொல்கிறார்கள்.

முதலில் நீ உன் அண்ணனுக்கு எழுதி அனுப்பிய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்தது பதினான்கு இஞ்ச் ரிம், 185/60 டயர், மொத்த உயரம் 578 மில்லிமீட்டர். நீ போடப் போவது பதினைந்து இஞ்ச், 195/50, உயரம் 576. பேப்பரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நீ சொன்னது சரிதான். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. எடை தாங்கும் எண்ணும் குறையவில்லை. பதினேழு இஞ்ச் ஆசையை விட்டதும் நல்லது. அவ்வளவு மெல்லிய டயரில் ஒரு பள்ளம் போதும், ரிம் வளைந்துவிடும். ஆனால் நீ உயரத்தை மட்டும் பார்த்திருக்கிறாய். உன் படத்தைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடி வைத்து, சக்கரத்தின் உள்பக்கம் வார்த்திருக்கும் எண்களைப் படித்தேன். நடு ஓட்டை 60.1. உன் வண்டியின் அச்சு முனை 54.1 என்று மொபைல் கடை சரவணக்குமார் தேடிச் சொன்னான். ஆறு மில்லிமீட்டர் பெரிது. நான்கு நட்டு ஓட்டையும் பொருந்தும், சக்கரம் உட்கார்ந்த மாதிரியே தெரியும். ஆனால் அது அச்சின் மேல் உட்காராது, நட்டுகளில் தொங்கும். முதலில் ஸ்டீயரிங் நடுங்கும், பிறகு நட்டு இளகும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று உன்னிடம் சொன்னதில்லை. நீ ஒன்பதாவது படித்த வருஷம், ஆயுத பூஜை அன்று மத்தியானம், நம் தெருக்காரன் திருப்பதியின் பழைய வேனுக்கு நான்கு சக்கரம் மாட்டினேன். அவன் திருச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தவை. நடு ஓட்டை பெரிதாக இருந்ததைப் பார்த்தேன். நட்டு பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பிறகு ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் இட்டுப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். வைத்தால் மறுநாள் பூஜை பிரிக்கும்வரை எடுப்பதில்லை. உன் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன. பொழுது சாயும்போது திருப்பதி திரும்பி வந்தான், ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று. முன்சீட்டில் அவன் பெண்சாதி மீனம்மாள். திருமயத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். "அண்ணே, ஒரு சுத்து முடுக்கிட்டுத் திரும்ப வச்சிரலாம்ண்ணே, சாமி கோவிச்சுக்காது" என்றான். "சாமி கோவிச்சுக்காது, நான் கோவிச்சுக்குவேன். காலையில வா" என்றேன். மீனம்மாள்தான் சிரித்துக்கொண்டே, "வாங்க போவோம், அண்ணனும் ஸ்பானரும் இன்னைக்கு வெரதம்" என்று அவனைக் கூட்டிப் போனாள்.

திருமயத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. வேன் பள்ளத்தில் சாய்ந்தது. மீனம்மாளுக்கு வலக்கை இன்றைக்கும் மடங்காது. இடக்கையால் சாப்பிட வேண்டியிருப்பதால் விசேஷ வீடுகளில் அவள் பந்தியில் உட்காருவதில்லை. அவன் வேகமாக ஓட்டினான் என்று ஊரெல்லாம் சொன்னது நான். அதை நம்பி நீ பள்ளிக்கூடத்தில் அவர்கள் மகளோடு சண்டை போட்டுவிட்டு வந்தாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பேச ஆள் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். திருப்பதி வீடு இங்கிருந்து நான்காவது வீடு. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் மீனம்மாள் உன்னைக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிறாள். எனக்குத்தான் அந்தப் பக்கம் போகக் கால் வருவதில்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். நடு ஓட்டைக்குச் சரியாக உட்காரும் வளையம் நான்கு வாங்கு, இல்லாமல் மாட்டாதே. அந்தச் சக்கரம் ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். இரண்டு பேர் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பார். நட்டின் முனையும் சக்கரத்தின் குழியும் ஒரே வடிவமா என்று பார். எண்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கு. நான் சொன்னேன் என்பதற்காகச் செய்ய உனக்குப் பிடிக்காவிட்டால், அங்கே ஒரு பட்டறையில் காட்டி அவர்கள் சொல்வதைக் கேள். என்னிடம் கேட்டதாக இருக்க வேண்டாம், யாரிடமாவது கேட்டதாக இருந்தால் போதும். இதை நான் எழுதுகிறேன் என்பதை உன் அம்மா நம்பமாட்டாள்.

திருப்பதி வீட்டுக்குப் போவேன் என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் போய்விட்டீர்களா என்று போனில் கேட்பாய். சட்டையை மட்டும் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

நீயும் உன்னோடு அந்த வண்டியில் உட்காருகிறவரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். வண்டி நடுங்கினால் உடனே ஓரம் கட்டி நிறுத்து, அன்றைக்கு எந்த நாளாக இருந்தாலும்.

இப்படிக்கு
உன் அப்பா
சி. ஆத்மநாதன்