விளக்கு வைக்கிற நேரத்தில் 'மாய்'

14-5-2007, திங்கள். விருத்தாசலம்.

தில்லியிலிருந்து விடுமுறைக்கு வந்தும் சீன மொழி பி.ஏ. என்னை விடவில்லை. சீனத்தில் வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. குரல் வளைந்தால் வாங்குவது, விழுந்தால் விற்பது. எனக்கு இரண்டும் ஒரே மாதிரி வருகிறது. வாய்மொழித் தேர்வில் ஃபெயிலானது அதனால்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம் கத்திக் கத்திச் சொல்லிப் பார்த்தேன். விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா தீப்பெட்டியோடு ஓடி வந்தாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல யாரப் பாத்துடி மாய் மாய்ங்கிற? அப்பா இன்னும் சூளையிலேருந்து வரல."

அர்த்தம் சொன்னேன். முகம் தெளியவில்லை.

"நல்ல வார்த்த ஒண்ணு கூடவா இல்ல அந்தப் பாஷையில?"

"இருக்குதும்மா. லாய். வான்னு அர்த்தம்."

அப்பா செராமிக் தூசியோடு வந்து குளித்து முடித்ததும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "லாய்! சோறு ஆறுது பாருங்க."

அப்பா திருதிருவென்று விழித்தார். நானும்தான். கீழே தொடங்கி மேலே ஏறிய அந்த 'லாய்', எங்கள் வாத்தியார் இரண்டு வருடமாக என்னிடம் கேட்கும் அதே ஏற்றம்.

ஃபெயிலானதை நாளைக்கு அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். கையோடு, இன்னொரு தடவை லாய் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.