சவப்பெட்டிக் கடை முதல் பக்கத்துக்கு வந்த கதை

காக்ஸ் டவுன், பெங்களூரு
புதன்கிழமை

அன்பு மகள் சோஃபியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. டப்ளினில் நீயும் சுகம் என்பதை உன் வாட்ஸ்அப் படத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம், மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை, அனுப்பும் செய்திக்கு நீலக் குறி விழுவதோடு சரி. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு வீட்டில் சாவு என்றால் போதகர் ஐயா என் பெயரைச் சொல்வார், ஆள் வரும். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே போனைத் தட்டுகிறார்கள், முதலில் வருகிறவனைக் கூப்பிடுகிறார்கள். நம் வெப்சைட் நாலாவது பக்கத்தில் கிடந்தது. நாலாவது பக்கம் வரை போய்ப் பார்க்கிறவன் துக்கத்தில் இருப்பவன் இல்லை, வேலை இல்லாதவன். நம் தச்சர் மதியழகன் தினமும் தங்கவயலில் இருந்து ரயில் ஏறி வந்து, உளியைத் துடைத்து வைத்துவிட்டு மாலை ரயிலில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அந்த முகத்தை எத்தனை நாள் பார்ப்பது? சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கிறது, யாராவது தேடும்போது நம் வெப்சைட் மேலே வரும்படி செய்யச் சொல்லித் தருகிறார்கள், எஸ்.இ.ஓ. என்று பெயர். போய்ச் சேர்ந்தேன். சொல்லித் தருகிற சௌம்யாவுக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு இருக்கும். கேக் செய்கிறவர், டியூஷன் எடுப்பவர் என்று ஒவ்வொருவரும் தொழிலைச் சொன்னார்கள், நான் சவப்பெட்டி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேக்காரம்மா நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். சௌம்யா மட்டும் கொஞ்சம் யோசித்து, “சூப்பர் சார், காம்பெடிஷன் கம்மி” என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

நம் வெப்சைட்டில் நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா, ‘மகிமைக்குள் பிரவேசித்தோருக்கான நித்திரைப் பேழைகள்’ என்று, இங்கிலீஷிலும் அதே தோரணையில், போதகரிடம் காட்டித் திருத்தி வாங்கியது. சௌம்யா அதைத் திரையில் போட்டு, “வீட்டுல சாவு விழுந்தவங்க இத எப்படி சார் தேடுவாங்க, காஃபின் பாக்ஸ் நியர் மீன்னுதான் தட்டுவாங்க” என்றாள். அவள் காட்டிய பட்டியலில் அப்படித்தான் இருந்தது. நம் சபையில் யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், துக்க அறிவிப்பில் எல்லாரும் மகிமையில்தான் பிரவேசிப்பார்கள், ஆனால் போனுக்கு முன்னால் மட்டும் எல்லாருக்கும் காஃபின் பாக்ஸ்தான். கூச்சத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். சவப்பெட்டி, ஐஸ் பெட்டி, வேன், எந்தெந்த ஏரியாவுக்கு வருவோம், தேக்கா மாமரமா, கடைக்காரன் கிளாரன்ஸ், போன் நம்பர், ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி. உன் அம்மாவும் தன் பங்குக்கு உதவி செய்தாள். மாதர் சங்கத்தில் சொல்லி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் நாற்பது பேரை நிற்க வைத்து நம் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட வைத்தாள். ஒருவர் ‘மிகவும் வசதியாக இருந்தது’ என்று எழுதினார், இன்னொருவர் ‘குடும்பத்தோடு மறுபடியும் வருவோம்’ என்று. ஒரே வாரத்தில் அத்தனையும் பொய் என்று பிடிபட்டுக் காணாமல் போனது, நல்ல வேளை. பெட்டி வாங்காதவர் எழுதவே கூடாது என்று சௌம்யா எனக்கு ஒரு பாட்டம் பாடம் எடுத்தாள், எடுத்துக்கொண்டே சிரித்தாள். அதன்பிறகு உண்மையாகவே பெட்டி வாங்கிய வீடுகளில் மட்டும், ஒரு மாதம் கழிந்தபின், விருப்பம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டேன், ஆறு பேர் எழுதினார்கள். நாலாவது மாதம் நம் கடை முதல் பக்கம். மதியழகன் அன்றைக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அந்த முதல் பக்கம்தான் உனக்கு வினையாகப் போனது. நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் பீட்டர் வீட்டில் உன் அப்பா மரக்கடை வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாய், அது எனக்கு எப்படித் தெரியும்? பீட்டரின் அம்மா எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்துகொண்டு ‘கிளாரன்ஸ் மரக்கடை காக்ஸ் டவுன்’ என்று தட்டியிருக்கிறார்கள், தேக்கு, மாமரம், கிளாரன்ஸ் எல்லாம் போட்டு வைத்திருக்கிற நாம் வராமல் வேறு யார் வருவார்கள், முழுசாகப் படிக்காமல் நம்பரை அழுத்திவிட்டார்கள். எங்க பையன் விஷயமாகப் பேச வேண்டும் என்றார்கள். நான் தொழில் குரலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் பையனின் உயரத்தைக் கேட்டேன். பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்று நினைத்து ஐந்தடி பத்து என்றார்கள். தோள் அகலமா என்றேன், ஜிம்முக்குப் போகிறான் என்றார்கள். இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், அயர்லாந்தில் என்றதும், கொண்டு வருவதற்கான பேப்பர் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் நீங்கள் சோஃபியாவின் அப்பாதானே, மரக்கடைதானே என்று கேட்டார்கள், நான் சவப்பெட்டிக் கடை என்று சொன்னேன், போனை வைத்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சுக்குக் கூப்பிட்டவர்களிடம் மாப்பிள்ளைக்கு அளவெடுத்தவன் பெங்களூரிலேயே நான் ஒருவன்தான். எல்லாம் போச்சு, அந்த வெப்சைட்டை எடுத்துத் தொலையுங்கள் என்று நீ கத்தினாய். உன் கல்யாணம் என்னால் கெட்டது என்று எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன் அம்மா. நீ மரக்கடை என்று சொன்னது எனக்கு வலித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தபோது நீ அழுததை நான் மறக்கவில்லை, அதனால் கோபம் வரவில்லை, வலிதான்.

பீட்டரின் தாய்மாமா சந்தானம் போன வெள்ளிக்கிழமை தவறிப்போனது உனக்குத் தெரிந்திருக்கும். பீட்டர் தம்பி உன்னிடம் சொல்லாமல் விட்டது, அந்தக் காலையில் அவருடைய அம்மா கூப்பிட்டது என்னை. சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்த அண்ணன், அவர்களுக்கும் இது புது ஊர், யாரையும் தெரியாது, அவர்கள் போனில் இந்தக் காரியத்துக்கு இருந்த ஒரே நம்பர் என்னுடையது. அழுதுகொண்டே, நான் கேட்பதற்கு முன்னாலேயே, “அண்ணே, ஒயரம் அஞ்சடி ஆறு” என்றார்கள். நானும் மதியழகனும் ஓடினோம். பதினோராவது மாடி, முதலில் லிஃப்டை அளந்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தேன், இல்லையென்றால் படியில் திரும்பாது. அசோசியேஷன் செயலாளர் பின்பக்கம் குப்பை வண்டி போகும் கேட் வழியாகக் கொண்டு போகச் சொன்னார். நான் கோபப்படவில்லை, கன்னடத்தில் மெதுவாக, அவர் முன்வாசல் வழியாக வந்த மனிதர், முன்வாசல் வழியாகத்தான் போவார் என்று சொன்னேன், செயலாளர் தானே போய்க் கதவைத் திறந்துவிட்டார். பீட்டரின் அம்மா வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். மேம்பாலத்தில் வரும்போது, “பொட்டி செய்யறது தப்பாண்ணே, எங்ககிட்ட ஏன் மறைச்சா” என்று கேட்டார்கள். சின்ன வயதில் பட்ட கேலி, நீங்களும் ஒதுக்கிவிடுவீர்கள் என்று பயந்துவிட்டாள் என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து மண் போட்டபின், நான் வழக்கம்போல் ஓரமாகப் போய் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் இருந்து வந்த அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர், பெட்டிக்காரரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாமா என்று கேட்டார். பீட்டரின் அம்மா என் கையில் இருந்த கயிற்றை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, “அவரு பொட்டிக்காரர் மட்டும் இல்ல, எங்க சம்பந்தி” என்றார்கள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை அடக்கம் பார்த்திருப்பேன், ஒருநாளும் கண் கலங்கியதில்லை, கலங்கினால் பெட்டி கோணும். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பி அழுதேன் சோஃபி. செத்தவருக்கு நான் ரொம்ப வேண்டியவன் என்று நினைத்து நாலு பேர் வந்து என்னைத் தேற்றினார்கள், நானும் மறுத்துச் சொல்லவில்லை.

வெப்சைட்டை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் போவதில்லை. அம்மா உனக்குப் பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், ஸ்வெட்டர் போடாமல் பஸ்ஸுக்கு நிற்காதே, தம்பி பீட்டருக்கு எங்கள் அனுதாபத்தைச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடைசியாக ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அம்மாவுக்கு நீயே போன் செய். அவர்களுக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் உன் வாயால் கேட்கக் காத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா சவப்பெட்டி செய்கிறார் என்று சொல். சொல்லிப் பார், அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

உன் அப்பா,
சவப்பெட்டிக் கடை கிளாரன்ஸ்