இறாலை மட்டும் நிறுத்தினோம்

நைனா,

இரண்டு தடவை சோப்பு போட்டும் கையில் இறால் வாசனை போகவில்லை. ஷெட்டில் இறால் உரித்துவிட்டு நான் வந்ததும், நீ இந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாய். "இன்னிக்கு வெள்ளை இறாலா? எவனோ துன்றதுக்கு உரிச்சுகினு வர்ற. நைனாவுக்கு வாசனை மட்டுந்தானா?" என்பாய்.

முதல் தடவை உனக்கு நெஞ்சு வலி வந்தபோது, கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். நம் வீட்டில் எட்டாவது வரை போனவள் நான்தான். நீயும் அம்மாவும் என் முகத்தையே பார்த்தீர்கள். ஷெட்டில் அட்டைப் பெட்டி மேல் தினமும் பார்க்கிற சொல் ஒன்று அதில் இருந்தது. "இறால் கூடாதாம்" என்றேன்.

"இறாலு வேணாம்னா போவட்டும். ஆட்டுக்கால் பாயா வச்சுத் தர்றேன், உடம்பு தேறும்" என்றாள் அம்மா. பாயாவும், வனஸ்பதி ஊற்றிச் சுட்ட பரோட்டாவுமாக உன்னைத் தேற்றினோம். இறாலுக்கு ஏங்கும்போதெல்லாம், "படிச்ச புள்ள சொல்லிச்சு. அதுக்கு மேல அப்பீல் கீதா?" என்று சிரிப்பாய். அடுத்த வருஷமே ஹார்பரில் மூட்டை இறக்கும்போது சாய்ந்துவிட்டாய், பிறகு எழவேயில்லை.

இன்று ஷெட்டுக்கு எங்களைப் பரிசோதிக்க ஒரு டாக்டரம்மா வந்தார். இறால் நல்ல உணவு, நீங்களும் சாப்பிடுங்கள் என்றார். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி அந்தத் தாளை எடுத்துவந்து நீட்டினேன்.

"இறால்ல கொலஸ்ட்ரால் இருக்கு. ஆனா ரத்தத்துல அதை ஏத்துற கொழுப்பு ரொம்பக் கம்மி. பொரிக்காம, அளவா சாப்பிடலாம்னுதான் கீழே போட்டிருக்கு. கூடவே கூடாதுன்னு மேல இருக்கிறது வனஸ்பதியும் ஆட்டுக் கொழுப்பும். யாருக்கும்மா இது?"

"எங்க நைனாவுக்கு."

"இப்ப எப்படி இருக்காரு?"

தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறால் உரிக்கப் போனேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள், "டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு?"

"இனிமே வனஸ்பதி வேணாமாம்."

"உங்க நைனாவுக்கு இறாலைக் கண்ணுலயே காட்டல. அதனாலதான் ஒரு வருஷமாவது கூட இருந்தாரு" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நைனா. அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். மற்றதைப் படிக்கத் தெரியாது என்று சொல்ல அன்று வெட்கமாக இருந்தது.