மிளகாய்க் கண்டுகளுக்காகப் பிடுங்கிய பூக்கள்

அண்ணை,

நான் வாய் மூடியிருந்தது போதும். உங்கள் மனைவி நேற்றுக் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். நம் தோட்டத் துண்டில், இளஞ்சிவப்புப் பூக்களுக்கு நடுவே நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். படமெடுத்தவன் நான். நீங்கள் போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரின் அட்டைக்கு அதுதானாம்.

"அவர் பிள்ளையள் மாதிரி வளர்த்த பூவெல்லே, தம்பி. நீங்களும் ரெண்டு வரி எழுதித் தாங்கோ" என்றார்.

நீங்கள் வளர்த்த பூ!

பிராங்பேர்ட்டில் ரயில் பாதையோரம் அந்தத் துண்டை நாம் சேர்ந்துதான் வாடகைக்கு எடுத்தோம். பாதியில் உங்கள் மிளகாய்க் கண்டுகள், பாதியில் என் பூ. சிசிலியில் ஒரு கல்மதில் இடுக்கில் நின்ற காட்டுச்செடியிலிருந்து நான் உதிர்த்து வந்த விதை அது. தாவரவியல் படித்துவிட்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவனுக்கு, படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்க அந்த ஒரு செடிதான் இருந்தது.

அதன் தண்டு கணுக்களுக்குக் கீழே பிசுபிசுக்கும். ஏறி வரும் எறும்பும் சிறு பூச்சியும் ஒட்டிச் சாகும். செடி அவற்றைத் தின்பதில்லை. பூவின் தேனை அவை திருடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் பழகிய உங்கள் விரலுக்குப் பிசுபிசுப்பு என்றால் இலைக்கு அடியில் சாறு குடிக்கும் அசுவினிப் பூச்சி. நான் ஒரு வாரம் வெளியூர் போய் வருவதற்குள் முழுவதையும் பிடுங்கிவிட்டீர்கள்.

"நோய் பிடிச்சதை விட்டு வைச்சால் என்ரை மிளகாய்க் கண்டுக்கும் தொத்தும்."

"அது நோயில்லை அண்ணை. அதின்ரை குணமே அப்பிடித்தான்."

"உம்மடை படிப்பு புத்தகத்துக்குள்ளை இருக்கட்டும். பூச்சி ஒட்டிக் கிடந்ததை நான் கண்ணாலை கண்டனான்."

ஓராண்டுச் செடி. விதை முற்றவில்லை. மறு வருடம் சிசிலிக்குப் போனேன்; மதிலுக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள்.

கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்று, "களைக்கு அழுத பேராசிரியர் வாறார், வழி விடுங்கோ" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் நான் உங்களோடு பேசவில்லை. ஆவணிதோறும் என் கதவுப் பிடியில் ஒரு பை மிளகாய் தொங்கும். மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அது வெறும் மிளகாய். சமைத்தேன்.

இப்போதும் மிளகாய்ச் செடியை எங்கே கண்டாலும் இலையைத் திருப்பி அடிப்புறம் பார்க்கிறேன். உங்களிடமிருந்து வந்த பழக்கம். விட்டுத் தொலைக்க முடியவில்லை.

நீங்கள் பூ வளர்த்தீர்கள் என்று மட்டும் நான் எழுத மாட்டேன். கேட்ட இரண்டு வரிக்குப் பதிலாக உங்கள் வீட்டு முகவரிக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன். பெயர் போட்டால் உங்கள் மனைவி எனக்கு ஏதாவது மறுமொழி சொல்லியாக வேண்டும். போடாவிட்டால், யார் எழுதியது என்று தெரியாதது போல இருந்துவிடலாம். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர் விருப்பம். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.