முதுசம் என்று நீர் சொன்ன வீடு

இன்று காலை தபால்பெட்டியில் ஒரு வழவழப்பான துண்டுப்பிரசுரம் கிடந்தது. அதில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான். கனடாவிலும் வெளிநாடுகளிலும் வீடு வாங்கிச் செல்வம் சேர்க்க வழிகாட்டுகிறானாம். பற்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, உம்முடைய மகன். பின்புறத்தில் கையால் எழுதியிருக்கிறான்: "ஆன்ரி, வாற கிழமை வீடு பாக்க வாறன்."

வீடு பார்க்க. என்னைப் பார்க்க அல்ல.

நீரும் அப்படித்தான் வந்தீர், தம்பி. எண்பத்தெட்டின் குளிர்காலம். ஜெர்மனியின் வுப்பர்டாலில் நாங்கள் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தோம். உம்முடைய சட்டைப்பையில் கனடாக் கடவுச்சீட்டு இருந்தது. ரொறன்ரோவில் ஒரு வீடு வாங்கி, நிலவறையை வாடகைக்கு விட்டு, முதலீட்டாளர் ஆகியிருந்தீர். "இஞ்சை ஒண்டு வேண்டினால் ஐரோப்பாவிலையும் கால் வைச்ச மாதிரி, அக்கா" என்றீர். நீர் கால்வைக்கப் பார்த்தது நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தில்.

என் சமையலறைச் சுவரைத் தேங்காய் வாங்குகிறவர் போலத் தட்டித் தட்டிக் கேட்டீர்.

"வேண்டின பிறகு எங்களை வீட்டாலை எழுப்புவீரோ?"

"என்ன அக்கா, நீங்கள் என்ரை ஊர் ஆக்களெல்லோ!"

"அதாலைதான் கேக்கிறன்."

அந்த வீடு போனால் பிள்ளைகளோடு மறுபடியும் முகாம்தான்.

மொழி படித்த பட்டதாரி, ஜெர்மனும் பழகியிருந்தவள் என்பதால் வீட்டு உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் மொழிபெயர்க்க என்னையே கூட்டிப்போனீர். தொங்குரயிலில் போகும்போது தரகன் சொல்லித்தந்த ஜெர்மன் சொல்லைப் பெருமையோடு எடுத்துவிட்டீர். "எர்ப் எண்டால் முதுசமாம். தாய் தகப்பன் வழி வந்த காணி. வில்லங்கமே இல்லை, அக்கா." யாழ்ப்பாணத்து ஆணின் காதில் முதுசம் என்ற சொல் தேனாக விழும். எனக்கு அது தரகனின் குரலாக விழுந்தது.

இந்த நாட்டில் நொத்தாரிசு உறுதி முழுவதையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். தேவாரம் ஒப்புவிக்கும் பிள்ளை போல அவர் மூச்சுவிடாமல் வாசித்தார். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினேன். நிலம் யாருடையது என்று கேட்டேன்.

தேவாலயத்துடையது. விற்பனைக்கு வந்தது கட்டடம் மட்டும். நிலம் நீண்டகாலக் குத்தகை. அந்தக் குத்தகை உரிமை வாரிசுகளுக்கும் போகும், அதனால்தான் அந்த 'எர்ப்'.

ஒரு சொல்லும் குறைக்காமல் உமக்குச் சொன்னேன். முகம் சுருங்கியது. பிறகு சிரித்தீர். "அப்ப கோயில் காணியிலை குடியிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ." பேனையை எடுத்தீர். "நானே குடியிருக்கிறவன். நான் ஆரை எழுப்புறது, அக்கா?"

அழகாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதன் பிறகு உம்முடைய ஒவ்வொரு கடிதத்தையும், எழும்பச் சொல்லும் அறிவித்தல் இதுதான் என்று நினைத்தே கிழித்துத் திறந்தேன். உள்ளே பொங்கல் வாழ்த்து இருக்கும், அல்லது கூரை திருத்தும் செய்தி. நீர் இறந்த செய்தி வந்தபோதும் முதலில் வீட்டைத்தான் நினைத்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அறிவித்தல் கடைசிவரை வரவில்லை. உம்மை நம்பியிருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. நீர் மறந்திருக்கவும் கூடும்.

முதுசம் என்று நீர் பிழையாகச் சொன்ன வீடு இப்போது உண்மையிலேயே முதுசமாகி உம்முடைய மகனிடம் போய்விட்டது. அடுத்த கிழமை அவன் வந்து அதே சுவரைத் தட்டுவான். தேநீர் கொடுத்து, நிலம் யாருடையது என்று கேட்பேன். அவனுக்குத் தெரிந்திருக்காது. பிறகு "நான் ஆரை எழுப்புறது" என்ற உம்முடைய அந்த வசனத்தை, நீர் சொன்ன தொனியிலேயே, அவனுக்குச் சொல்வேன். இத்தனை ஆண்டுகளாக நான் நம்பாமல் வைத்திருக்கும் வசனம். அவன் நம்பினால் போதும்.