அம்மனிடம் பூக் கேட்ட காலை

அம்மணிக்கு,

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டுக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாகச் சிலைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற எனக்கு, உங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தூர்வாரியபோது கிடைத்த அம்மன், முப்பது வருடத்துக்கு முன்பு, கோயில் சாவி உன் அப்பாவிடம் இருந்தபோது காணாமல்போன அதே சிலையா, நகலா என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு "ம்ம்" என்றதெல்லாம் நடிப்பு.

உன் பெரியப்பா மகன் அங்கப்பன் விடவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, சித்தப்பா நெசச் செலைய வித்துப்போட்டு, டூப்ளிகேட்டக் கெணத்துல போட்டிருந்தா? படிச்சவங்க பேச்சு வேண்டாமுங்க. ஆத்தாகிட்டயே பூக் கேட்டரலாம்."

அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் அதே அம்மன், திருடன் கிணற்றில் போட்டுவிட்டு ஓடினான் என்று ஆகும். சிவப்பு வந்தால், விற்றவர் என்ற பழி உன் அப்பாவுக்கு ஆயுசுக்கும் நிற்கும். அந்தப் பழி தீராமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று நீ சொல்லி, எனக்கு வழுக்கையே விழுந்துவிட்டது.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தார். உன் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வெள்ளை அரளி.

அங்கப்பன் உன் அப்பாவின் காலில் விழுந்தான். "மன்னிச்சுப்போடுங்க சித்தப்பா."

உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "மாப்ளே, சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க" என்றார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதைக் கவனி. இனி உன் பதில்தான் பாக்கி.

இப்படிக்கு,
பூசாரிக்குக் கை நடுங்கியதால் பொட்டலம் கட்டிக் கொடுத்து, இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தவன்